கேள்வி கேட்கிற வேலை

பெங்களூரில் டி.வி. குண்டப்பாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருப்பது பாதி குண்டப்பா. 1943-இல் வந்த ‘மங்குதிம்மன கக்கா’வின் ஆசிரியர், 945 நாலடிப் பாடல்களில் வாழ்க்கையின் புதிரைச் சொல்லிவிட்டுப் போன பெரியவர். நாட்காட்டியிலும் கல்யாணப் பத்திரிகையிலும், காலை வணக்கத்தோடு வரும் கைபேசிச் செய்தியிலும் கக்கா இருக்கிறது. பசவனகுடியில் அவர் பெயரில் ஒரு சாலை, பியூகிள் ராக் பூங்காவில் ஒரு சிலை. ‘டிவிஜி ரோடு’ என்று ஆட்டோக்காரரிடம் சொல்கிற இளைஞர்கள் பலருக்கு அந்த மூன்றெழுத்தின் விரிவு தெரியுமா என்பது வேறு விஷயம்.

எனக்கு ஆர்வம் மற்றப் பாதியில். பிழைப்புக்குப் பத்திரிகை நடத்தியவர் அவர். 1926 முதல் 1940 வரை மைசூர் சமஸ்தானச் சட்டசபையில் உறுப்பினராகவும் இருந்தார். வேதாந்தியாக அவரைக் கும்பிடுகிறவர்கள் இதை அவருடைய இளமைக் காலப் பொழுதுபோக்கு போலக் கடந்துவிடுகிறார்கள். பதினான்கு ஆண்டுகள் சபையில் உட்கார்ந்தவரை, அதற்கு முன்னும் பின்னும் அச்சகத்து மையில் கைநனைத்தவரை அப்படிக் கடப்பது நியாயமாகப் படவில்லை.

பத்திரிகை ஆசிரியரே சட்டசபையிலும் உட்காருவது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சாதாரணம். ஹென்றி ரேமண்ட் 1851-இல் நியூயார்க் மாநிலச் சட்டசபையின் சபாநாயகர். அதே ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ தொடங்கியவர்களில் ஒருவர். ‘டிரிப்யூன்’ நடத்திய ஹொரேஸ் கிரீலி 1848 கடைசியில் மூன்றே மாதம் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் செய்த காரியம், சக உறுப்பினர்கள் எத்தனை மைல் சுற்றிக்கொண்டு வந்ததாகக் கணக்குக் காட்டிப் பயணப்படி வாங்கினார்கள் என்பதைப் பெயர் பெயராகத் தன் பத்திரிகையில் போட்டதுதான். ஆபிரகாம் லிங்கன் பெயரும் அதில் இருந்தது. இப்படிப்பட்ட வேடிக்கைகளுக்கு அடியில் ஒரு வசதியும் இருந்தது. கட்சிதான் பத்திரிகை, பத்திரிகைதான் கட்சி. ஜெயித்த கட்சி தன் பத்திரிகைக்கு அரசாங்க அச்சு வேலையைக் கொடுக்கும். தோற்றால் அடுத்த தேர்தல் வரை காத்திருக்கலாம்.

மைசூரில் அடுத்த தேர்தல் என்று ஒன்று எதையும் மாற்றாது. திவானை நியமிப்பவர் மகாராஜா, நீக்குபவரும் அவரே. இப்படிப்பட்ட இடத்தில் சபை உறுப்பினர் என்றால் என்ன, ஆசிரியர் என்றால் என்ன? குண்டப்பாவின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

கதையைக் கொஞ்சம் முன்னிருந்து தொடங்க வேண்டும், அதில் நம் பக்கத்து ஆட்கள் நிறைய வருகிறார்கள் என்பதற்காகவும். ஐம்பது ஆண்டு நேரடி ஆட்சிக்குப் பிறகு 1881-இல் வெள்ளைக்காரர்கள் மைசூரை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தபோது திவானாக இருந்தவர் ரங்காச்சார்லு, செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அந்த ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 144 பேரைக் கூட்டி உட்காரவைத்தார். பிரஜா பிரதிநிதி சபை என்று அதற்குப் பெயர். இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. அதிகாரம் ஒன்றும் இல்லை. தசராவை ஒட்டிக் கூடி திவான் வாசிக்கும் அறிக்கையைக் கேட்கலாம், தாலுகாவின் குறைகளைச் சொல்லலாம், ஊருக்குத் திரும்பலாம். சட்டமும் வரவுசெலவும் அவர்கள் கைக்கு வராது. ஆனாலும் சமஸ்தானத்தின் பெரிய அதிகாரி ஒரு மிராசுதாரரின் வாயிலிருந்து ஏரி உடைந்த கதையை நேரில் கேட்டாக வேண்டிய ஒரு நாள் வருஷத்தில் ஏற்பட்டுவிட்டது. ரங்காச்சார்லு 1883-இல் இறந்தார். அவரைப் பற்றி 1911-இல் ஒரு சிறு நூல் எழுதியவர் குண்டப்பா. அப்போது அவருக்கு வயது 24.

ரங்காச்சார்லுவுக்குப் பின் சேஷாத்ரி ஐயர், 18 ஆண்டுகள். மதராஸிலிருந்து வந்தவர்கள் பதவிகளை நிரப்பிக்கொண்டார்கள் என்ற கசப்பும் ‘மைசூர் மைசூர்க்காரர்களுக்கே’ என்ற குரலும் இந்தக் காலத்தில் வளர்ந்தவை. பெங்களூரில் மொழிச் சண்டை வரும்போதெல்லாம் அதைத் திரைப்படத்தோடும் காவிரியோடும் முடிச்சுப்போடுகிற நாம், இந்தப் பழைய பாக்கியை வசதியாக மறந்துவிடுகிறோம்.

அந்தக் காலத்து மைசூரின் ஆசிரியர்களில் தலையானவர் எம். வெங்கடகிருஷ்ணையா. 1844-இல் பிறந்தவர். மரிமல்லப்பா பள்ளியின் தலைமை ஆசிரியர், ஊருக்கே ‘தாத்தையா’. ‘விருத்தாந்த சிந்தாமணி’ உட்படக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்திரிகைகள் நடத்தியவர். பிரதிநிதி சபையிலும் உட்கார்ந்தவர். அமெரிக்க ஆசிரியர்-உறுப்பினரின் நேரான இணை வேண்டுமென்றால் இவரைத்தான் காட்ட வேண்டும். சபையில் திவானிடம் பணிவாகக் கேட்டதைப் பத்திரிகையில் பணிவில்லாமல் கேட்கலாம் என்பது இவர் தலைமுறை கண்ட வழி.

அந்த வழியை அடைத்தவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் வி.பி. மாதவராவ். 1907-இல் மைசூருக்குச் சட்டசபை என்று ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர். மறு ஆண்டே பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. அரசாங்கத்தின் முன் அனுமதி இல்லாமல் யாரும் பத்திரிகை நடத்தக்கூடாது என்றது அந்தச் சட்டம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் செய்யலாம். தாத்தையா தன் பத்திரிகைகளை எதிர்ப்பாக மூடினார். சபையில் பேச நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, அங்கே பேசியதை வெளியே எழுதாதே என்று சொல்வதில் முரண் ஏதும் இருப்பதாகத் திவானுக்குத் தோன்றியிருக்காது. இதே மாதவராவ் 1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக லண்டன் போய் இந்தியர்களுக்குப் பொறுப்பாட்சி வேண்டும் என்று சாட்சியம் சொன்னார். பதவி இறங்கிய பிறகு ஜனநாயகம் அழகாகத் தெரிவது ஒரு திவானோடு நின்றுவிடுகிற வழக்கமா என்ன.

ஊரின் அமைப்பும் இதில் சேர்ந்துகொண்டது. அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் அடங்கிய கன்டோன்மென்ட், நம்மவர்கள் அடர்ந்து வாழ்ந்த பகுதி, 1947 வரை பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டின் அதிகாரத்தில் இருந்தது. பேட்டைப் பகுதி மகாராஜாவுடையது. மைசூரின் பத்திரிகைச் சட்டம் பேட்டையோடு முடிந்துவிடும். ஒரே ஊரில் சில மைல் தூரம் நடந்தால் வேறொரு அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகலாம். இரண்டு நகராட்சிகளும் 1949-இல்தான் ஒன்றாயின.

குண்டப்பா இந்த உலகத்துக்குள் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வந்தார். 1887 மார்ச் 17-இல் கோலார் மாவட்டத்து முளபாகிலில் பிறப்பு. மெட்ரிகுலேஷன் தேறவில்லை. கோலார் தங்கவயலில் ஒரு சோடா தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தமிழ் வம்சாவளியினர் இன்றும் நிறைந்த அந்தத் தங்கவயலில்தான். பெங்களூர் வந்து ஜட்கா வண்டிகளுக்கு வர்ணம் பூசும் பட்டறையில் சேர்ந்தார். பிறகு சிறு பத்திரிகைகள், ஒன்று நின்றால் இன்னொன்று. சமஸ்கிருதமும் ஆங்கிலமும் தானாகப் படித்தவை. ஒரு பட்டம் கூட இல்லாதவர் எட்மண்ட் பர்க்கையும் ஜான் ஸ்டூவர்ட் மில்லையும் விரல்நுனியில் வைத்திருந்தார் என்று வியக்கிறார்கள். எனக்கு வியப்பு அந்த ஜட்கா பட்டறைதான். பின்னாளில் சமஸ்தானத்தின் அரசமைப்பைப் பற்றி எழுதியவர்களில் வண்டிச் சக்கரத்துக்கு வர்ணம் பூசியவர் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

1913 ஏப்ரல் 2-ஆம் தேதி ‘கர்நாடகா’ தொடங்கியது. வாரம் இருமுறை, ஆங்கிலத்தில். விஸ்வேஸ்வரய்யா திவானாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவருக்குக் குண்டப்பாவைப் பிடித்திருந்தது. ஒரு நல்ல பத்திரிகை வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. இங்கே கவனிக்கவேண்டியது, திவானின் ஆதரவோடு திவானை விமர்சிக்கும் பத்திரிகை நடத்த முடியுமா என்பது. குண்டப்பா முடியும் என்று நம்பினார், அதற்கு ஒரு விலை உண்டு என்றும் நம்பினார்: அரசாங்கப் பணத்தைக் கையால் தொடக்கூடாது. சமஸ்தானத்துக்குச் செய்த எழுத்து வேலைகளுக்காக வந்த காசோலைகளை அவர் மாற்றவேயில்லை, இறந்த பிறகு பெட்டியில் கிடந்தன என்று ஒரு கதை பெங்களூரில் எல்லோரும் சொல்வார்கள். எத்தனை காசோலை, எவ்வளவு தொகை என்பது சொல்பவரைப் பொறுத்துக் கூடும், குறையும். கதையின் வேர் மட்டும் உறுதி: நட்புக்கும் ஊதியத்துக்கும் நடுவே அவர் ஒரு கோடு போட்டிருந்தார், அந்தக் கோட்டை வாழ்நாள் முழுக்கக் காத்தார்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கதையும் உண்டு. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு மனைவி பாகீரதம்மா போகவில்லை. ஏன் என்று கேட்டார். கட்டிக்கொள்ள நல்ல புடவை இல்லை, கிழிந்ததைக் கட்டிக்கொண்டு போனால் உங்களைத்தான் பேசுவார்கள், உங்கள் மானம் என் பொறுப்பு என்றாராம். மேடைகளில் இதைச் சொல்லி முடித்ததும் கைதட்டல் கேட்கும். எனக்குத் தட்டத் தோன்றுவதில்லை. ஆசிரியரின் சுதந்திரத்துக்கான சந்தாவைச் சமையலறை கட்டிக்கொண்டிருந்தது. நம்மூரில் பாரதியின் மனைவி செல்லம்மாள் கட்டினார், பெங்களூரில் பாகீரதம்மா. 1924-இல் ஒரு தீ விபத்தில் பாகீரதம்மா இறந்தார். குண்டப்பாவுக்கு அப்போது 37 வயது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு ஆண்டு கழித்துச் சட்டசபைக்குள் நுழைகிறார்.

அந்தச் சபை 1907-இல் பிறந்தபோது இருந்த பொம்மையாக இப்போது இல்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையில் ஒரு குழு போட்டு, 1923-இல் சீர்திருத்தம் கொண்டுவந்திருந்தார்கள். உறுப்பினர்கள் 50 பேர். வரவுசெலவில் சில இனங்களுக்கு வாக்களிக்கலாம். அரண்மனைச் செலவு மாதிரியானவற்றைத் தொடக்கூடாது. வாக்கில் தோற்றாலும் திவான் பதவியில் நீடிப்பார். 1926-இல் மிர்சா இஸ்மாயில் திவானாக வந்தார். 1941 வரை அவரே. ஆக, குண்டப்பா சபையில் இருந்த காலம் முழுக்க எதிரே ஒரே திவான்தான்.

அரசாங்கத்தைக் கவிழ்க்க முடியாத சபையில் உறுப்பினரின் ஆயுதம் கேள்வி. ஆசிரியரின் ஆயுதமும் அதுதான். குண்டப்பா இரண்டையும் ஒரே வேலையின் இரண்டு ஷிப்டாகப் பார்த்திருக்க வேண்டும். 1928-இல் பாகல்கோட்டையில் நடந்த கன்னடப் பத்திரிகையாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பத்திரிகைத் தொழில் பற்றிக் கன்னடத்தில் ‘விருத்தபத்திரிகே’ எழுதினார். 1931-இல் சமஸ்தானங்களும் அவற்றின் மக்களும் வரப்போகும் இந்திய அரசமைப்பில் எங்கே நிற்பார்கள் என்பது பற்றி ஆங்கில நூல். இந்தக் கடைசிப் பிரச்சினையில் அவர் காலத்தை முந்தியிருந்தார் என்றே சொல்ல வேண்டும். காங்கிரஸ் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னர்கள் தங்கள் உடன்படிக்கைகளைக் காட்டி லண்டனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். உடன்படிக்கை மகாராஜாவோடு மட்டும் போட்டதா, அவருடைய குடிமக்களுக்கு அதில் பங்கே இல்லையா என்று விடாமல் எழுதியவர்கள் சொற்பம்.

ஆனால் யாருக்காக எழுதினார்? ஆங்கிலத்தில் வாரம் இருமுறை வரும் பத்திரிகையை எடுத்துப் படிக்கக்கூடியவர்கள் கோட்டுப் போட்டவர்கள்: வக்கீல், ஆசிரியர், குமாஸ்தா. ‘கர்நாடகா’ நடந்துகொண்டிருந்த 1917-இல் மைசூரில் பிராமணரல்லாதாரின் பிரஜா மித்ர மண்டலி தொடங்கியது. 1918-இல் அரசுப் பணிகளில் அவர்களுக்கு இடம் ஒதுக்குவது பற்றி ஆராய லெஸ்லி மில்லர் குழு அமைந்தது. அந்த விஷயத்தில் ஒப்பாமல் விஸ்வேஸ்வரய்யா பதவியை விட்டார். தகுதி, திறமை, நல்லாட்சி என்று அந்தத் தலைமுறையின் மிதவாதிகள் பேசிய மொழிக்கு வெளியே பெரிய கூட்டம் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

இங்கே எனக்கு இரட்டைமலை சீனிவாசன் நினைவுக்கு வருகிறார். அவரும் ஆசிரியர், அவரும் உறுப்பினர். 1893-இல் சென்னையில் ‘பறையன்’ தொடங்கி ஏழு ஆண்டு நடத்தினார், தமிழில். யாரைக் கேவலப்படுத்த அந்தப் பெயரைச் சொன்னார்களோ அவர்களுக்காக அந்தப் பெயரையே முகப்பில் போட்டார். 1923-இல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1930-இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்கு. சீனிவாசனுக்குச் சபை என்பது ஆட்சி முறையைப் பண்படுத்தும் கூடம் ஆகியிருக்க முடியாது. பொதுத் தெருவில் நடக்கலாமா, கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா என்ற கேள்விக்கு அரசாங்க முத்திரையோடு பதில் வாங்குகிற இடம் அது. குண்டப்பாவின் கேள்விகளை அவற்றின் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் ஓய்வான கேள்விகளாகத் தெரிகின்றன. இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் எந்தப் படியில் நின்று கேட்டார் என்பது தெரியாமல் அவரை அளக்க முடியாது.

1938 ஏப்ரலில் அந்தப் படியும் ஆடியது. குண்டப்பா பிறந்த அதே கோலார் மாவட்டத்தில் விதுராசுவத்தம் என்ற ஊரில் மூவர்ணக் கொடி ஏற்றக் கூடிய மக்கள்மேல் மைசூர்ப் போலீஸ் சுட்டது. மிதவாதிகளின் மொழியில் இதற்குச் சொல் கிடையாது. மனு எழுதி, தீர்மானம் கொண்டுவந்து, புள்ளிவிவரம் காட்டிப் பொறுப்பாட்சியை அடுத்த தவணைக்கு நகர்த்தலாம் என்ற நம்பிக்கைக்கு இனி தெருவில் மரியாதை இல்லை. 1940-இல் குண்டப்பாவின் சபை வாழ்க்கை முடிந்தது. 1947 அக்டோபரில் பொறுப்பாட்சி வந்தபோது முதலமைச்சரானவர் கே.சி. ரெட்டி, அதற்கு முந்தைய மாதத்து ‘மைசூர் சலோ’ போராட்டத்தின் வழியாக. கேட்டது கிடைத்தது; கேட்டவருடைய முறையில் கிடைக்கவில்லை.

அதற்குள் அவர் வேறு வேலையில் இறங்கியிருந்தார். 1945-இல் கோபால கிருஷ்ண கோகலே பெயரில் பொது விவகாரக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். இன்றும் புல் டெம்பிள் சாலையில் இருக்கிறது. வாக்குரிமை எல்லோருக்கும் வரப்போகிறது, வாக்காளருக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது எண்ணம். ‘பப்ளிக் அஃபேர்ஸ்’ என்ற ஆங்கில இதழ், படிப்பு வட்டம், நூலகம், 1952-இல் அரசியல் பற்றிக் கன்னடத்தில் ‘ராஜ்யசாஸ்திரம்’. வாக்காளருக்கு முதலில் பாடம், பிறகு வாக்கு என்ற வரிசையை நான் ஏற்கவில்லை. 1952-இல் எழுத்தறியாத கோடிக்கணக்கானவர்கள் சின்னம் பார்த்து அந்தந்தப் பெட்டியில் வாக்குச்சீட்டைப் போட்டு அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்கள். இருந்தாலும் பாடத்தின் உள்ளடக்கத்தைத் தள்ள மனம் வரவில்லை. வரவுசெலவுத் திட்டத்தை எப்படிப் படிப்பது, உறுப்பினரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்பது லஞ்சம் கேட்பதற்குச் சமம்: இவற்றை இப்போது யார் சொல்லித்தருகிறார்கள்?

1970-இல் ரவீந்திர கலாக்ஷேத்திரத்தில் அவருக்குப் பொதுமக்கள் சார்பில் ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார், அப்படியே கழகத்துக்குக் கொடுத்தார். 1974-இல் பத்மபூஷண். 1975 அக்டோபர் 7-இல் காலமானார். ரங்காச்சார்லு சபை கூட்டிய அதே தேதி. நெருக்கடி நிலை அமலில் இருந்தது, பத்திரிகைகள் தணிக்கைக்குப் பிறகே அச்சேறின. 1908-இன் தடைச் சட்டத்துக்கு நடுவே தொழிலுக்கு வந்தவருடைய மரணச் செய்தி, தணிக்கை அமலிலிருந்த நாளிதழ்களில் வெளிவந்தது.

கேட்கிற குணம் வீட்டிலும் இறங்கியது. மகன் பி.ஜி.எல். சுவாமி தாவரவியலாளர். 1953-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து இருபது ஆண்டுக்கும் மேல் இருந்தார். அந்த அனுபவத்தைக் கன்னடத்தில் ‘தமிளு தலெகள நடுவே’ என்ற புத்தகமாக எழுதினார். தமிழ்த் தலைகளின் நடுவே. நம் பேராசிரியர்களையும் சங்கத்தின் பழமை பற்றிய நம் கணக்குகளையும் அதில் அவர் விட்டுவைக்கவில்லை. பல இடங்களில் அநியாயம், சில இடங்களில் சிரிக்காமல் இருக்க முடியாது. தகப்பனார் தமிழ் நாட்டிலிருந்து வந்த திவான்களைப் பற்றி எழுதியபோது எவ்வளவு மரியாதை காட்டினாரோ, அதில் நூற்றில் ஒரு பங்குகூட மகனுக்கு நம்மிடம் இல்லை.